மூன்றாவது அள்ளு

திருகோணமலைக்குப் பக்கத்தில், சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற எவனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டான். கதிராமன் மட்டும் போவான். இரண்டு வருசமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான்.

தெரியாதவர்களுக்கு அந்த வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விடிய வலை வளைத்து, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுக்க, மீனோடு வலையின் மடி கரைக்கு வந்து சேரும். மடியை அவிழ்த்த உடனே, யாவாரிக்கு நிறுப்பதற்கு முன்னமே, கொஞ்ச மீனை ஒரு பனையோலைக் கடகத்தில் அள்ளிப் புறம்பாக வைத்துவிடுவார்கள். யாவாரியின் கடகங்களோடு மாறிப்போகாமல் இருக்க அதன் காதில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். கயிற்றில் கை வைத்த எவரும் அந்தக் கடகத்துக்குள் இரண்டு கையையும் விட்டு ஓர் அள்ளு எடுத்துக்கொண்டு போகலாம். கறிக்கு மீன் என்பார்கள். தொழிலாளியின் பங்கு வேறு, இது வேறு. கோயிலுக்கு வந்த இடத்தில் வேடிக்கை பார்க்க நின்று, ஐந்து நிமிஷம் கயிற்றைப் பிடித்தவருக்கும் உண்டு. யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேட்டால்தான் வலைக்குச் சொந்தக்காரரான பாக்கியரத்தினத்துக்குக் கோபம் வரும். அவரை எல்லாரும் சம்மாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். “கேட்டு எடுக்கிறதுக்கு இதென்ன கடையோ?” என்று கேட்டவரை எல்லாருக்கும் முன்னால் ஏசிவிடுவார்.

அந்தக் கடகத்தைத்தான் கதிராமன் திரும்பியும் பார்ப்பதில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, காலிலிருக்கும் மணலைத் தட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி நிலாவெளிக்கு வேலைக்குப் போய்விடுவான். “இமயமலை, கறிக்கு எடுத்துக்கொண்டு போவன்” என்று பாக்கியரத்தினம் ஒவ்வொரு நாளும் கூப்பிடுவார். இமயமலை என்பது இப்போது அவனுடைய பட்டப்பெயர். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். சிவபெருமானின் மலைக்குப் போய்வந்தவன் ஏதோ விரதம் பிடிக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நம்முடைய ஆட்களுக்கு ஒருவன் ஏன் ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று தெரியாவிட்டால் உடனே அவனைச் சாமியாராக்கிவிட வேண்டும். விரதமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. வெட்கம்தான் காரணம்.

கதிராமனுக்கு நாற்பத்தேழு வயது. காலையில் கயிறு இழுத்த பிறகு அவனுக்கு இன்னொரு தொழில் இருந்தது. நிலாவெளியில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கிற பன்னிரண்டு சைக்கிள்களைப் பார்த்துக்கொள்வது. கடற்காற்றில் சைக்கிள் வைத்திருப்பவனுக்குத் தெரியும் அந்தப் பாடு. இன்று துடைத்தால் நாளைக்குத் துரு. கதிராமன் அந்தப் பன்னிரண்டையும் குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பான். ஒருநாள் ஹென்றிக் என்ற ஒல்லாந்து நாட்டுக்காரர் தன் சொந்தச் சைக்கிளோடு வந்து இறங்கினார். டயரின் பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல். அந்த அளவில் டயர் திருகோணமலையில் இல்லை, கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டும் என்று விடுதியில் சொன்னார்கள். கதிராமன் வலை பின்னுகிற நூலையும் ஊசியையும் எடுத்து, அந்தக் கிழிசலைத் தைத்து, உள்ளே ஒரு பழைய டியூப் துண்டை ஒட்டிக் கொடுத்துவிட்டான். ஹென்றிக் அந்த டயரில் மட்டக்களப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் நேரே கதிராமனிடம்தான் போனார்.

இமயமலையில் வெள்ளைக்காரரைச் சேர்த்துக்கொண்டு மலைக்கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் போவதுதான் அவருடைய தொழில் என்றும், வருகிற ஆவணியில் போகும் கூட்டத்துக்குச் சைக்கிள் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்றும், எல்லாருக்கும் பின்னால் கடைசியாக அவன் ஓடிவந்தால் போதும் என்றும் சொன்னார். கதிராமன் கண்ட ஆக உயரமான மலை கோணேசர் மலைதான். அதையும் படியால் ஏறித்தான் பழக்கம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி யோகமலரிடம் சொன்னபோது, அவள் அரிவாள்மணையை விட்டு எழும்பாமலே, “போட்டு வாங்கோ. இனி ஆர் உங்களைக் கூப்பிடப் போகினம்” என்றாள். மகள் லதுசா அந்த மலைகளையெல்லாம் போனில் எடுத்துக் காட்டினாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் கதிராமன் முதல்முதலாக விமானம் ஏறினான்.

மலையில் அவனுக்குக் கால் நோகவில்லை. மூச்சுத்தான் எடுபடவில்லை. கடல் மட்டத்தில் பிறந்து கடல் மட்டத்திலேயே வளர்ந்தவன். இரண்டு வளைவு ஏறினால் நாக்குத் தள்ளியது. ஒன்பது வெள்ளைக்காரர் முன்னால் போவார்கள், அவர்களோடு தஷி என்ற அந்தப் பக்கத்து வழிகாட்டி போவான், சாமான் ஏற்றிய வான் போகும். எல்லாவற்றுக்கும் பின்னால், கரியரில் சைக்கிள் திருத்துகிற ஆயுதப் பையைக் கட்டிக்கொண்டு, சுறா கடித்த தோணிபோல ஆடி ஆடிக் கதிராமன் வருவான். ஆனாலும் அவனுக்கு அது பிடித்திருந்தது. கீழே பாதாளத்தில் ஆறு ஓடும். மேலே கல்லும் மரமும் அடுக்கிக் கட்டிய வீடுகள் இருக்கும். அந்த வீடுகளுக்கு ஓடு இல்லை, தட்டையான கூரை. கூரை முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ காயப் போட்டிருந்தது. முதல் கிராமத்தில் அதைப் பார்த்தபோது கதிராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த உயரத்திலும் கருவாடு போடுகிறார்களோ என்று தஷியிடம் கேட்டான். அது அப்றிகொட் என்ற பழம் என்றும், கோடையில் காயவைத்துப் பனிக்காலம் முழுவதும் வைத்துச் சாப்பிடுவார்கள் என்றும் தஷி சொன்னான்.

எட்டாம் நாள் அப்படியொரு வீட்டில் தங்கினார்கள். பின்னேரம், சைக்கிள்களைச் சுவரோடு சாத்திக்கொண்டிருக்கும்போது, மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கரிய முகில் எழும்பியது. அந்த ஊரில் மழை பெரிதாகப் பெய்யாதாம். ஆனால் பெய்தால் கூரையில் கிடக்கிறதெல்லாம் புழுத்துப்போய்விடும். ஒரு பெண் கத்த, ஊர் முழுக்கக் கூரைகளில் ஏறியது. வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கதிராமனுக்குப் படம் எடுக்கவா நேரம்? சல்லியில் முகில் கறுத்தால் எவருடைய கருவாட்டுப் பாய் என்று பார்க்காமல் எல்லாரும் ஓடுவார்கள். அவனும் கையில் இருந்த நட்டு முடுக்கும் திறப்பை எறிந்துவிட்டு ஏணியில் ஏறி, பாயின் இரண்டு மூலையைப் பிடித்தான். மற்ற இரண்டு மூலையையும் பிடித்தவள் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு நேபாளத்துப் பெண், அந்த வீட்டுத் தோட்டத்தில் கோடைக்குக் கூலி வேலை செய்ய வந்தவள். இருவரும் ஒரு வார்த்தை கதைக்காமல் பதினான்கு பாய் சுருட்டிக் கீழே இறக்கினார்கள். கடைசிப் பாய் உள்ளே போகவும் மழை விழவும் சரியாக இருந்தது. வீட்டுக்காரம்மா ஈரத் தலையோடு சிரித்தார். கதிராமனும் சிரித்தான். ஊரை விட்டு வந்த பிறகு, தானும் ஒரு மனிசன் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

அங்கேதான் அவன் பிழை விட்டான். கூடத்தின் ஒரு மூலையில், மற்றக் கூடைகளிலிருந்து தள்ளி, ஒரு சின்னக் கூடை புறம்பாக இருந்தது. அதன் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. உள்ளே நல்ல பழங்களாகத் தெரிந்தெடுத்துப் போட்டிருந்தது. புறம்பாக வைத்த கூடை, சிவப்பு அடையாளம், கை கொடுத்து முடிந்த வேலை. கதிராமனுக்கு வேறு என்ன தோன்றும்? கேட்டால் குறைச்சல் என்று பழகிய கை அது. இரண்டு கையாலும் ஓர் அள்ளு அள்ளித் தன் பைக்குள் போட்டான். யோகமலருக்கும் லதுசாவுக்கும் என்று இன்னோர் அள்ளு. அதோடு விட்டிருக்கலாம். பழம் நல்ல வடிவாக இருந்தது. மூன்றாவது அள்ளும் அள்ளினான். அந்த மூன்றாவதுக்கு எந்த வழக்கமும் இல்லை என்று அள்ளும்போதே அவனுக்குத் தெரியும்.

காலையில் முற்றத்தில் சத்தம் கேட்டது. கதிராமன் ஒரு சைக்கிளின் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மா அந்தச் சின்னக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். அவருடைய புருசன் கத்துகிறார். பச்சைத் தலைத்துணிக்காரி சுவரோடு நிற்கிறாள். என்ன என்று கதிராமன் தஷியிடம் கேட்டான். அந்த வருசத்து முதல் பழத்தை ஊர்த் தெய்வத்துக்கென்று எடுத்து வைப்பார்கள் என்றும், திருவிழாவுக்கு முன்னம் மனிதக் கை படக்கூடாது என்றும், யாரோ அள்ளிவிட்டார்கள் என்றும் தஷி சொன்னான். வீட்டில் இருந்த வெளியாள் அவள் ஒருத்திதானே என்றும் சொன்னான். விருந்தாளிகளை யாரும் நினைக்கவில்லை. விருந்தாளி ஏன் களவெடுக்கப் போகிறான்?

கதிராமனின் பை இரண்டு முழத்துக்கு அப்பால் கரியரில் தொங்குகிறது. வாயைத் திறந்தான். சொல்வதற்கு அவனிடம் ஆங்கிலமும் இருந்தது. மூன்று சொல் போதும். ஆனால் புறப்பட முன்னம் ஹென்றிக் சொன்னது காதில் கேட்டது. இந்தக் கிராமங்கள் நம்பித்தான் இடம் தருகின்றன, ஒரு பிழை நடந்தால் அடுத்த வருசம் கதவு திறக்காது. வெள்ளைக்காரர் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பையைத் திறந்து, நான்தான் கள்ளன் என்று காட்டுவதா? கதிராமன் குனிந்து, இறுகிக் கிடந்த பிரேக்கை இன்னும் ஒருதரம் இறுக்கினான். பிறகு அதைக் கழற்றி மறுபடியும் இறுக்கினான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் தன் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைய ஏற்றம் பதினொரு கிலோமீற்றர். மற்றவர்கள் போய் மறைந்துவிட்டார்கள். கதிராமன் வழமைபோலக் கடைசி. ஆறாவது வளைவில் மூச்சு முட்டி, இறங்கிச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினான். தள்ளவும் ஏலவில்லை. கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, சைக்கிள் தானாக முன்னுக்கு நகர்ந்தது. திரும்பிப் பார்த்தான். அவள்தான். பின்னாலிருந்து ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கரியரைத் தள்ளினாள். அவளுடைய உள்ளங்கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

ஒரு மைல் தூரம் அப்படிப் போனார்கள். அவனுக்கு அவளுடைய பாஷை தெரியாது, அவளுக்கு இவனுடையது தெரியாது. பையைத் திறந்து பழத்தை எடுத்து நீட்டினால் பாஷை தேவையில்லை. அது தெரிந்துதான் அவன் திறக்கவில்லை. பைக்குள் இருக்கும் பழம் துணிக்கு மேலால் அவளுடைய கைக்குத் தெரியுமோ என்று மட்டும் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு நடந்தான். உச்சியில் தேநீர்க் கடையில் காத்திருந்த கூட்டம் அவனைக் கண்டதும் கைதட்டியது. ஹென்றிக் படம் எடுத்தார். அவள் நிற்காமல், அவர்களைக் கடந்து, மறுபக்கம் இறங்கும் பாதையில் நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் கூட்டமும் அதே பாதையால் சைக்கிளை ஓடவிட்டது. அவளைக் கடக்கும்போது கதிராமன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனான்.

பழத்தை எறிந்துவிட இரண்டுதரம் ஆற்றங்கரையில் நின்றான். சாப்பாட்டுச் சாமானை எறிந்து பழக்கமில்லாத கை மறுத்துவிட்டது. அப்படியே பையோடு ஊருக்கு வந்தது. யோகமலர் பையைக் கழுவ எடுத்தபோது கண்டாள். எங்கிருந்து என்று கேட்டதற்கு, மலையிலிருந்து என்று மட்டும் சொன்னான். பொய் இல்லை. ஆனால் அவள் அதைச் சும்மா விடுகிற ஆளா? கைலாசநாதர் இருக்கிற மலையில் விளைந்த பழம் என்று ஒரு வெள்ளித் தட்டில் பரப்பி, வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துப் படைத்துவிட்டாள். ஒரு தெய்வத்துக்கு வைத்ததைக் களவெடுத்து இன்னொரு தெய்வத்துக்குப் படைத்த பெருமை கதிராமன் ஒருவனுக்குத்தான் இருக்கும். பூசை முடிய, பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஊருக்கே கொடுத்தார்கள். சனம் கண்ணில் ஒற்றி வாயில் போட்டது. கனகம்மா என்ற கிழவி இரண்டாந்தரமும் வரிசையில் வந்து வாங்கினாள். கதிராமனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவனும் கண்ணில் ஒற்றித் தின்றான். வீட்டுக்குப் பின்னால் போய்த் தின்றதைச் சத்தி எடுத்தான்.

அந்த உச்சியில் எடுத்த படத்தை லதுசா பெரிதாக்கிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினாள். அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் பனிமலை. வந்தவர் போனவருக்கெல்லாம் அவள் அதைக் காட்டுவாள். படத்தின் வலப்பக்க ஓரத்தில் பச்சையாக ஒரு சிறு துண்டு தெரியும். யாரும் அதைக் கவனித்ததில்லை. கதிராமன் கதிரையை எப்போதும் படத்துக்கு முதுகு காட்டித்தான் போட்டுக்கொள்வான். கறிக்கு மீன் எடுப்பதையும் அப்போதுதான் விட்டான். சிவப்புத் துணி கட்டிய கடகத்துக்குள் கையை விட முதல்நாள் போனவன், விடாமலே திரும்பிவிட்டான். மறுநாள் போகவேயில்லை.

இந்த வருசம் ஆனியில் ஹென்றிக் மறுபடியும் நிலாவெளிக்கு வந்தார். ஆவணியில் போகும் கூட்டத்துக்குக் கதிராமனை மறுபடியும் கூட்டிப்போகத்தான் வந்தார். வந்தவர் ஒரு துணிப் பொதியை நீட்டினார். போன வருசம் அதே வீட்டில் தங்கினார்களாம். மழைக்கு ஓடிவந்து பாய் சுருட்டிய கடற்கரை மனிதன் வரவில்லையா என்று வீட்டுக்காரம்மா கேட்டாராம். அன்றைக்குக் கை கொடுத்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று அன்றிலிருந்து அவருக்கு மனக்குறையாம். இது அவனுடைய பங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டாராம். கதிராமன் பொதியை வாங்கினான். அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லாமல் மணத்தது. பச்சைத் தலைத்துணி கட்டிய பெண் மறுபடி வந்தாளா என்று கேட்டான். எந்தப் பெண் என்று ஹென்றிக் கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் யோகமலருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். குசினிக்குள் ஓடி அந்த வெள்ளித் தட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள். கதிராமன் போய்த் தட்டை அவளுடைய கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான். கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றான். பிறகு குசினி வாசலில் குந்தியிருந்து, கூடையிலிருந்து உச்சி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமல் நிலத்தைப் பார்த்தே சொன்னான். களவெடுத்ததற்கு அவள் ஏசுவாள், அம்மனுக்குப் படைக்க விட்டதற்கு அழுவாள் என்று எதிர்பார்த்தான். யோகமலர் கீழே கிடந்த தட்டை எடுத்துத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“அந்தப் பொம்பிளை உங்கட சைக்கிளைத் தள்ளினவ எல்லோ?”

“ஓம்.”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு மைல் இருக்கும்.”

“கை வைச்சவளுக்கு என்ன குடுத்தனீங்கள்?”

இரண்டு வருசமாக அவன் எடுத்ததைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான், வாயைத் திறக்காததைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். இந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றவேயில்லை. சல்லியில் கயிற்றைத் தொட்ட வழிப்போக்கனுக்கும் கொடுக்கிறதை, கரியரில் பையை வைத்துக்கொண்டே அவளுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறான். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் ஹென்றிக்கிடம் போய்ச் சொன்னான். தன்னுடைய விடுதி ஆங்கிலத்தில், விட்டு விட்டு, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னான். தஷிக்கு அனுப்பி அந்த வீட்டாருக்குச் சொல்லச் சொன்னான். அவள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று ஹென்றிக்கின் போனில் அவனே பேசிப் பதிவு செய்தான். ஹென்றிக் அதை அனுப்பினார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணிப் பயணத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. வீட்டுக்காரம்மா சொன்னதைத் தஷி ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ஹென்றிக் மெதுவாக வாசித்தார். கேட்டிருந்தால் வேறு கூடையிலிருந்து மடி நிறையத் தந்திருப்பேன் என்று முதலில் இருந்தது. அவளுடைய பெயர் தில்மாயா. அதற்குப் பிறகு வரவில்லை. வேறு ஒரு வீட்டாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை, இப்போது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக இருந்ததை ஹென்றிக் வாசிக்கத் தயங்கினார். கதிராமன் வாசிக்கச் சொன்னான். முற்றத்தில் நாங்கள் ஏசும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை, சைக்கிள் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏன் அங்கே பார்க்கிறாள் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். கூடையில் அவன் அள்ளியதைக் கண்டிருக்கிறாள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று சொல்லாமல் விட்டாளோ, அவனே சொல்லட்டும் என்று காத்து நின்றாளோ, யாருக்குத் தெரியும்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த ஏற்றத்தில் பையில் கையை வைத்துத் தள்ளியிருக்கிறாள். கதிராமன் நிலாவெளியிலிருந்து சல்லி வரைக்கும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தான். கடற்கரை ரோட்டில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

அடுத்தநாள் விடிய அந்தப் பொதியோடு கரைக்குப் போனான். வலை நன்றாகப் பட்டிருந்தது, மடி நிறையக் கும்பளா மீன். கடகத்தைப் புறம்பாக வைத்ததும் பாக்கியரத்தினம் வழமைபோலக் குரல் கொடுத்தார்.

“இமயமலை, கறிக்கு எடுத்துக்கொண்டு போவன்.”

கதிராமன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

“சம்மாட்டி, இனி என்னை அப்பிடிக் கூப்பிடாதேங்கோ. நான் அங்க களவெடுத்தனான். அதுக்கு வேற ஒரு மனிசி பழி சுமந்து போனவ.”

கயிறு இழுத்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யாரோ சிரித்தார்கள், இமயமலை பகிடி விடுகிறான் என்று. அவன் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது. அம்மன் கோயிலில் கண்ணில் ஒற்றித் தின்றது எந்தப் பழம் என்று சொன்னபோது, கரையில் மீனுக்கு நின்ற கனகம்மா வாயைத் துடைத்தாள், இரண்டு வருசத்துக்குப் பிறகு. ஒரு கூடைப் பழத்துக்கா இவ்வளவு என்று ஒருவன் தொடங்கினான். பாக்கியரத்தினம் கையைக் காட்டி அவனை அடக்கினார். அவள் சைக்கிளைத் தள்ளியதைக் கதிராமன் கடைசியாகச் சொன்னான்.

“அவவின்ர பேர் தில்மாயா,” என்றான். “எனக்கு நேற்றுத்தான் தெரியும்.”

பொதியை அவிழ்த்து, பழத்தையெல்லாம் சிவப்புத் துணி கட்டிய கடகத்துக்குள், மீனுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலையில் கொட்டினான். எவரும் கிட்டப் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து, பழத்தைத் தொடாமல், தங்கள் அள்ளு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். கதிராமன் ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்தான், காலிலிருந்த மணலைத் தட்டினான், சைக்கிளை எடுத்தான். மறுபடியும் கூப்பிடுவாரோ என்று ஒரு நிமிஷம் நின்றும் பார்த்தான். பாக்கியரத்தினம் யாவாரியோடு மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவனைக் கறிக்கு மீன் எடுக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.